கேக்குக்குக் கூழ்

முந்தைய அத்தியாயத்தில், கேக் அடுப்புக்குள் எப்படி எழும்பி வருகிறது என்று பார்த்தோம். இப்போது கேக் ஆறி மேசைக்கு வந்துவிட்டது. மேலே கிரீம் பூச வேண்டும். சிங்கப்பூரில் வீட்டில் கேக் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கேக் கெட்ட கதையைவிடக் கிரீம் கெட்ட கதைதான் அதிகம் வரும்.

என் கதை மகளின் ஐந்தாவது பிறந்தநாளன்று நடந்தது. எங்கள் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலை நான்கு மணிக்கு விழா. முதல் நாள் நள்ளிரவு வரை உட்கார்ந்து வெண்ணெயும் ஐசிங் சீனியும் அடித்து, இளஞ்சிவப்பு ரோஜாக்கள் பிழிந்து, குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தேன். மின்தூக்கியில் இறக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது ஒவ்வோர் இதழும் விறைப்பாக நின்றது. பத்து நிமிடத்தில் ரோஜாக்களின் மேல் வியர்த்ததுபோலத் துளிகள். அரை மணியில் இதழ்களின் ஓரம் மழுங்கியது. பாட்டுப் பாட எல்லோரும் கூடியபோது, பக்கவாட்டில் பூசியிருந்த கிரீம் வழுக்கி இறங்கிக் கேக்கின் காலடியில் மடிப்பாகக் கிடந்தது. பிள்ளைகள் அப்படியும் ஆசையாகச் சாப்பிட்டார்கள். பெரியவர்கள் கிரீமை வழித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்கள். “கேக் நல்லா இருக்கும்மா, மேல பூசினதுதான் தித்திப்பு தாங்கல” என்றார் மாமியார்.

கிரீம் உருகியது ஒரு குறை, தித்திப்பு தாங்காதது இன்னொரு குறை. இரண்டும் வேறு வேறு என்றுதான் அன்று நினைத்தேன். இரண்டும் ஒரே முடிச்சின் இரண்டு நுனிகள். அந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் இந்த அத்தியாயம்.

வெண்ணெயிலிருந்து தொடங்குவோம். பனிக்கட்டி 0 டிகிரியில் உருகும். வெண்ணெய்க்கு அப்படி ஒற்றை எண் கிடையாது. பாலின் கொழுப்பு பல நூறு வகை மூலக்கூறுகள் சேர்ந்த கூட்டம். அவற்றில் சில, குளிர்ப்பெட்டிக்குள்ளேயே எண்ணெயாக இருப்பவை. சில, 35 டிகிரியைத் தொட்டால்தான் இளகும். 5 டிகிரியில் அந்தக் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி படிகமாக இருக்கும். 20 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு. 30 டிகிரியில் இருபதில் ஒரு பங்கு தேறினால் பெரிது. வெண்ணெய்க் கட்டி கட்டியாக நிற்பது இந்தப் படிகங்கள் ஒன்றோடொன்று கோத்து வலை பின்னியிருப்பதால்தான். மீதி எண்ணெய் அந்த வலைக் கண்களுக்குள் தங்கியிருக்கிறது. வலை அறுந்தால் எண்ணெய் வழிகிறது.

கேக் புத்தகங்களில் “வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்” என்று எழுதியிருப்பார்கள். எழுதியவரின் அறை லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும். அங்கே அறை வெப்பநிலை என்றால் 18லிருந்து 20 டிகிரி. அந்தச் சூட்டில் வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழியும், விரலை எடுத்தால் குழி அப்படியே நிற்கும். படிகமும் எண்ணெயும் சரியான கணக்கில் இருக்கும் இடம் அது. அடிக்கும்போது உள்ளே போகும் காற்றுக் குமிழ்களைப் பிடித்து வைக்க அந்தக் கணக்கு வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைகூட விலகாத தீவில் இருக்கிறோம். நண்பகலில் நம் அடுக்களை 30, 31 டிகிரி. வெளியே எடுத்து வைத்த வெண்ணெய் அரை மணியில் களிம்பாகிவிடும். அந்தக் களிம்பில் காற்று நிற்காது. புத்தகத்தை வரிக்கு வரி பின்பற்றியும் தோற்பவர்கள் தங்கள் கைப்பக்குவத்தை நொந்துகொள்ள வேண்டியதில்லை. அந்தக் குறிப்பு வேறொரு ஊரின் வெயிலுக்கு எழுதியது.

வெப்ப நாடுகளில் இதற்கு ஒரு குறுக்கு வழி நெடுங்காலம் இருந்தது. வெண்ணெய்க்குப் பதில், ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய தாவரக் கொழுப்பு. வெயிலுக்கு அசையாது, விலையும் குறைவு. ஆனால் வாயிலும் உருகாது. நாக்கின் மேல் மெழுகாகப் படியும். பாதியளவு ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று உறுதியானபின், 2021 ஜூன் முதல் சிங்கப்பூர் அந்த எண்ணெய்களை உணவுப் பொருளில் சேர்ப்பதையே தடை செய்தது. நல்ல முடிவு. ஆகவே நாம் வெண்ணெயோடுதான் வாழ்ந்தாக வேண்டும், அதன் குணம் அறிந்து.

அடுத்தது, ரோஜாக்களின் மேல் வந்த துளிகள். அவை கேக்கிலிருந்து கசிந்தவை அல்ல, காற்றிலிருந்து வந்து உட்கார்ந்தவை. சிங்கப்பூர்க் காற்றில் எந்த நேரமும் ஈரம் நிறைந்திருக்கிறது. அந்த ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். நம் ஊரில் அது ஆண்டு முழுவதும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அதாவது 24 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளை வெளியே கொண்டுவந்தாலும் அதன் மேல் நீர் படியும். ஐஸ் தேநீர்க் குவளை வியர்ப்பதும், ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவதும், என் ரோஜாக்கள் அழுததும் ஒரே காரணத்தால்தான். கேக் குளிர்ப்பெட்டியிலிருந்து 4 டிகிரியில் வந்தது. சீனி மிகுந்த கிரீமின் மேல் படிந்த நீர் சும்மா நிற்காது. மேற்பரப்புச் சீனியைக் கரைத்துப் பாகாக்கி, அந்தப் பாகு வழிந்து நிறத்தையும் கொண்டு இறங்கிவிடும்.

சீனிக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 85 விழுக்காட்டைத் தாண்டினால், நீர் படியாமலே சீனிப் படிகம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். சிங்கப்பூரின் காலை நேர ஈரப்பதம் 90ஐத் தாண்டுவது அன்றாடம். சீனி டப்பா மூடியைச் சரியாக மூடாமல் விட்ட வீடுகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது மாமியாரின் புகாருக்கு வருவோம். தித்திப்பு தாங்கவில்லை என்றால் சீனியைக் குறைத்துவிட்டால் போயிற்று என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. வழக்கமான பட்டர் கிரீமுக்கு 225 கிராம் வெண்ணெய், 450 கிராம் ஐசிங் சீனி, ஒன்றுக்கு இரண்டு. அடுத்த முறை சீனியை 150 கிராமாக்கினேன். கிடைத்தது கிரீம் அல்ல, இனிப்பு வெண்ணெய். கரண்டியில் எடுத்து வாயில் போட்டால் அண்ணம் முழுக்க எண்ணெய்ப் பிசுபிசுப்பு. லேசாகட்டும் என்று பால் ஊற்றி அடித்தேன். திரிந்த தயிர்போலப் பிரிந்து, கிண்ணத்தின் அடியில் நீர் நின்றது.

ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். 225 கிராம் வெண்ணெயில் ஏறக்குறைய 36 கிராம் தண்ணீர் இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் ஒரு பங்கு தண்ணீர் இரண்டு பங்கு சீனியைக் கரைக்கும். ஆக, 72 கிராம் சீனி கரைந்து கெட்டிப் பாகாகிறது. மீதி 378 கிராம்? அது கரையவே இல்லை. வெண்ணெய்க் கொழுப்புக்குள் நுண்ணிய தூளாக அடைந்து கிடக்கிறது. கட்டடக் கலவையில் சிமெண்டுக்கு மணல் எப்படியோ, பட்டர் கிரீமில் கொழுப்புக்குச் சீனி அப்படி. நாம் இனிப்பு என்று நினைத்துக் கொட்டும் சீனியில் பெரும் பங்கு உண்மையில் மணல் வேலை பார்க்கிறது.

அதோடு முடியவில்லை. இருக்கும் கொஞ்சத் தண்ணீரைப் பாகாக்கிக் கட்டிப்போடுவதும் சீனிதான். அவ்வளவு கெட்டியான பாகில் கிருமிகள் வளர முடியாது. ஊறுகாயில் உப்பு செய்வதை இங்கே சீனி செய்கிறது. ஐசிங் பூசிய கேக் ஒரு நாள் வெளியே இருந்தும் கெடாமல் இருப்பது இதனால்தான். ஆகச் சீனிக்குக் கிரீமில் மூன்று வேலை. உடம்பு கொடுப்பது, நீரைக் கட்டிக் கெடாமல் காப்பது, இனிப்பது. ஒரு ஆளை வேலையிலிருந்து எடுக்கும்போது, அவர் பார்த்த மூன்று வேலைக்கும் வேறு ஆள் வைக்காமல் எடுத்ததுதான் நான் செய்த தவறு.

சீனியை ஏன் இவ்வளவு பாடுபட்டுக் குறைக்க வேண்டும் என்று கேட்கலாம். 450 கிராம் சீனியைப் பன்னிரண்டு துண்டாகப் பங்கு போட்டால், ஒரு துண்டின் மேல்பூச்சில் மட்டும் 37 கிராமுக்கு மேல். ஒருவர் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமுக்குள் இருக்கட்டும், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கேக்குக்குள் இருக்கும் சீனியை நான் இன்னும் எண்ணவே இல்லை. 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, மொத்த மக்கள்தொகைக்கு அது 11.3 விழுக்காடு. 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. நம் குடும்பங்களில் பிறந்தநாள் கேக்கைத் தள்ளி நின்று பார்க்கும் அப்பாவோ பெரியம்மாவோ இல்லாத வீடு குறைவு. அவர்களுக்கும் ஒரு துண்டு தர முடிய வேண்டும் என்பதுதான் என் அக்கறை.

மணல் வேலைக்கு முதலில் ஆள் பிடிப்போம். அந்த ஆள் நம் அடுக்களையிலேயே இருக்கிறார். பெயர் கூழ்.

கூழ் சேர்த்து அடித்த கிரீமுக்கு அமெரிக்காவில் எர்மின் என்று பெயர். சிவப்பு வெல்வெட் கேக்குக்கு ஆதியில் பூசியது இதைத்தான், கிரீம் சீஸ் பின்னால் வந்தது. ஜெர்மானியர்கள் அரை லிட்டர் பாலில் சோளமாவு புட்டிங் காய்ச்சி, 250 கிராம் வெண்ணெயோடு சேர்த்து அடிக்கிறார்கள். பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றே: மாவைப் பாலில் கரைத்துக் கூழ் காய்ச்சி, ஆறவிட்டு, வெண்ணெயில் சேர்த்து அடிப்பது. ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும் சமூகத்துக்கு இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது? கட்டி தட்டாமல் முதலில் குளிர்ந்த நீரில் கரைக்க வேண்டும், கைவிடாமல் கிளற வேண்டும், பச்சை வாடை போகும்வரை வேக வேண்டும். இந்த மூன்றையும் நம் பாட்டிகள் எந்த வேதியியலும் படிக்காமல் அறிந்திருந்தார்கள்.

வேதியியல் சொல்வது இது. மாவுச்சத்து சின்னச் சின்ன மணிகளாக இருக்கிறது. குளிர்ந்த பாலில் அந்த மணிகள் மிதக்குமே தவிர நீரை அதிகம் ஏற்காது. சூடு 60 டிகிரியை நெருங்கும்போது கோதுமை மாவு மணிகளின் உள்கட்டு தளர்ந்து, நீர் உள்ளே பாய்ந்து, மணிகள் பல மடங்கு உப்புகின்றன. பக்கத்துப் பக்கத்தில் உப்பிய மணிகள் ஒன்றையொன்று இடிக்கும்போது கலவை திடீரென்று கெட்டியாகிறது. கூழ் காய்ச்சும்போது “இதோ, திரண்டுடுச்சு” என்று சொல்லும் அந்தக் கணம் இதுதான். ஆறும்போது, மணிகளிலிருந்து கசிந்த அமைலோஸ் இழைகள் ஒன்றோடொன்று பின்னி ஒரு வலையாகின்றன. 40 கிராம் மாவு 240 மில்லி பாலை இப்படி அசையாமல் பிடித்துக்கொள்கிறது. சிந்தாத, வழியாத, ஆனால் மென்மையான ஓர் உடம்பு. கரையாத 378 கிராம் சீனி செய்த வேலையை 40 கிராம் மாவு ஏற்கிறது.

அளவுகளைச் சொல்கிறேன். 240 மில்லி பால், 40 கிராம் கோதுமை மைதா, 140 கிராம் சீனி, 225 கிராம் உப்பில்லா வெண்ணெய், இரண்டு சிட்டிகை உப்பு. மைதாவைப் பாலில் சிறிது சிறிதாகக் கரைத்து, மிதமான தீயில் கிளறுங்கள். சீனியை முதலிலேயே போடாதீர்கள். சீனி நீருக்கு மாவோடு போட்டி போடும், மணிகள் உப்ப இன்னும் அதிகச் சூடு கேட்கும். கூழ் திரண்டு, குமிழ் வெடித்துக் கொதித்தபின் சீனியைப் போட்டால் முதலில் இளகும், இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி இறுகும். கரண்டியால் சட்டியின் நடுவே கோடு இழுத்தால் அடி தெரிந்து, கோடு மெல்ல மூட வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி, ஒரு தட்டில் பரப்பி, ஏடு படியாமல் இருக்க மேற்பரப்பை ஒட்டினாற்போல பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். இங்கே சீனி முழுக்கக் கரைந்துவிட்டதால் நாக்கில் நெறுநெறுப்பே இராது.

இனிமேல்தான் பொறுமை. பத்தில் ஒன்பது தோல்வி கூழ் ஆறுமுன் வெண்ணெயில் சேர்ப்பதால் வருகிறது. வெளியே ஆறவைத்த கூழ் எவ்வளவு நேரம் ஆறினாலும் 30 டிகிரிக்குக் கீழே போகாது. நம் ஊரில் “ஆறிவிட்டது” என்றால் அவ்வளவுதான் பொருள். கூழைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, தொட்டால் சில்லென்று உணரும் 18லிருந்து 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வெண்ணெயையும் அதே நிலையில் எடுங்கள். இருபது வெள்ளிக்குள் கிடைக்கும் ஒரு சமையல் வெப்பமானி, விலையுயர்ந்த கலவை இயந்திரத்தைவிட இங்கே உதவும். வெண்ணெயை மட்டும் ஐந்து நிமிடம் வெளுக்கும்வரை அடித்து, கூழைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். இயந்திரம் சுற்றும் உராய்வே கிண்ணத்தைச் சூடாக்கும். கிரீம் பளபளத்து இளகுவதுபோல் தெரிந்தால், கிண்ணத்தை ஐஸ் நீரில் ஒரு நிமிடம் உட்காரவைத்து மறுபடி அடியுங்கள். படிகங்கள் திரும்பி வரும், குமிழ்கள் நிற்கும். முதலில் பிரிந்ததுபோல் தோன்றினாலும் அடித்துக்கொண்டே இருந்தால் சேர்ந்துவிடும். ஒரு கட்டத்தில் நிறம் தூய வெள்ளையாகி, கிரீம் கம்பியிலிருந்து மெத்தென்று விழும். அதுதான் பதம்.

பழைய கிரீமில் ஒரு துண்டுக்கு 37 கிராம் சீனி இருந்த இடத்தில், இதில் 12 கிராமுக்கும் குறைவு. மொத்தக் கணக்கில் ஏறக்குறைய 900 கலோரி குறைகிறது. வெண்ணெய் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் போகப் போக அதை 170 கிராமுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ரோஜா பிழிய அது காணாது, வழவழவென்று பூசப் போதும். இதில் முட்டை இல்லை என்பதால், சைவ வீடுகளுக்கு இதைப்போல் உதவும் பூச்சு வேறில்லை. முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1837இல் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேயர் சோளமாவில் கஸ்டர்ட் செய்த கதையும் இதே மாவுச்சத்தின் கதைதான்.

இரண்டாம் வேலை, கெடாமல் காப்பது. இதைக் கூழ் செய்யாது. பாலும் மாவும் நீரும் சேர்ந்த இடத்தில் கிருமிகளுக்கு விருந்து. இந்த வேலையைக் குளிர்ப்பெட்டியிடம்தான் ஒப்படைக்க வேண்டும். வெளியே எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் கேக்கை முடித்துவிடுங்கள்.

மூன்றாவது வேலை, இனிப்பது. இங்கேதான் தேக்கா வருகிறது.

தேக்கா நிலையத்தின் இப்போதைய கட்டடம் 1982இல் திறந்தது. அதற்கு முன் சாலையின் எதிர்ப்புறத்தில் 1915இல் கட்டிய பழைய சந்தை இருந்தது. அந்த வட்டாரத்துக்கே கண்டாங் கெர்பாவ் என்று பெயர், மலாயில் எருமைக் கொட்டில். பஃபலோ ரோடும், மாட்டு வணிகர் பெலிலியோஸ் பெயர் தாங்கிய சாலையும் இன்றும் இருக்கின்றன. பாலும் வெண்ணெயும் பேசும் அத்தியாயத்தில் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. லிட்டில் இந்தியா என்று ஊர் அறிந்த இடம் மாட்டுத் தொழிலால் வளர்ந்தது.

சந்தையை ஒட்டிய மளிகைக் கடைகளில் ஏலக்காய் சாக்கிலும் கண்ணாடிப் புட்டியிலும் இருக்கும். ஒரு கடைக்கார அண்ணன் எனக்குச் சொன்னது: “வெளுத்த காய் வேணாம்க்கா. பச்சையா, உருண்டையா, குலுக்குனா சத்தம் கேக்காததா பாத்து எடுங்க.” ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. பச்சை என்றால் வெயில் படாமல் பதமாக உலர்த்தியது, வெயிலில் வெளுத்தது மணத்தையும் இழந்திருக்கும். குலுக்கினால் சத்தம் என்றால் விதை வற்றிச் சுருங்கிவிட்டது. மணம் எல்லாம் அந்தக் கறுத்த, பிசுக்கான விதைக்குள்தான். விதையின் எடையில் 8 விழுக்காடுவரைகூட நறுமண எண்ணெய் இருக்கும். தோல் அதற்குப் பூட்டு. அரைத்துவைத்த ஏலப்பொடியை நான் வாங்குவதே இல்லை, பூட்டை உடைத்துவைத்த பெட்டியில் என்ன மிஞ்சும்?

அந்த எண்ணெயில் இருவர் முக்கியம். சினியோல், ஆல்ஃபா டெர்பினைல் அசிடேட். முதலாவது யூகலிப்டஸ் தைலத்திலும் இருப்பது, சில்லென்ற கூர்மணம் அதனுடையது. இரண்டாவது பூவும் பழமும் சேர்ந்த இன்மணம். மலபார் வகையில் சினியோல் கூடுதல், மைசூர் வகையில் இன்மணம் கூடுதல். கேக்குக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவது. சினியோலுக்கு ஒரு வித்தை உண்டு. நம் வாயில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற புரதம் இருக்கிறது. குளிர்ந்த நீர் பட்டால் திறக்கும் கதவு அது. சினியோல் பட்டாலும் அது திறக்கிறது. ஆகவே குளிராத ஒன்றை மூளை குளிர்ச்சி என்று வாசிக்கிறது. ஏலக்காய் போட்ட கிரீம் எண்ணெய்ப்பசை இல்லாமல் லேசாகத் தோன்றுவதில் இந்தக் குளிர்ச்சிக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இனிப்பு நாக்கில் மட்டும் இல்லை. மெல்லும்போது மணம் தொண்டை வழியாக மூக்கின் பின்புறத்துக்கு ஏறுகிறது. மூளை அதையும் நாக்கின் செய்தியையும் ஒன்றாகக் குழைத்து ‘சுவை’ என்று எடுத்துக்கொள்கிறது. 1990களில் ஸ்டீவன்சன், பிரெஸ்காட், போக்ஸ் என்ற மூவர் செய்த சோதனைகளில், சீனி நீரில் கேரமல் மணம் சேர்த்தபோது சீனியைக் கூட்டாமலே கூடுதலாக இனித்தது. இன்னொரு சோதனையில், பழகாத ஒரு மணத்தைச் சீனியோடு சேர்த்துச் சில முறை கொடுத்தபின், அந்த மணமே இனிப்பாகத் தோன்றத் தொடங்கியது. மணம் இனிப்பதற்குப் பழக்கம் வேண்டும் என்பது இதன் சாரம். வெள்ளைக்காரருக்கு வெனிலா எதைச் செய்கிறதோ, அதை நமக்கு ஏலக்காய் செய்யும். பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கல், லட்டு என்று பால்பல் முளைத்த நாளிலிருந்து ஏலக்காய் மணம் வந்தபோதெல்லாம் கூடவே இனிப்பும் வந்திருக்கிறது. அந்தப் பழக்கம் ஒரு சொத்து. சீனியைக் குறைக்கும்போது அதை எடுத்துச் செலவழிக்கலாம்.

எப்படிச் சேர்ப்பது? ஏல மணம் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். பத்துக் காய்களை உரித்து, விதையை ஒரு கரண்டிச் சீனியோடு அம்மியிலோ சிறு உரலிலோ இடியுங்கள், சீனி அரம்போல விதையை அராவும். தோலை மட்டும் பாலில் போட்டுச் சூடாக்கி, மூடிப் பத்து நிமிடம் வைத்து வடிகட்டி, பால் ஆறியபின் அதில் கூழ் காய்ச்சுங்கள். இடித்த விதைப்பொடியை மென்கண் சல்லடையில் சலித்து, கடைசியில் வெண்ணெய் அடிக்கும்போது சேருங்கள். கொதிக்கும் கூழில் போட்டால் மணத்தில் பாதி அடுக்களைக் காற்றுக்குப் போய்விடும். பூசிய கேக்கை ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் வைத்தால் மணம் கொழுப்பெங்கும் பரவும், மறுநாள் சுவை கூடியிருக்கும்.

மற்ற மசாலைகளும் உண்டு. கிராம்பில் ஒன்று போதும், அதிலுள்ள யூஜினால் நாக்கை மரத்துப்போகச் செய்யும், பல்வலிக்கு வைப்பது அதனால்தான். குங்குமப்பூவை வெதுவெதுப்பான பாலில் ஊறவையுங்கள், அதன் நிறம் நீரில் கரைவது, வெண்ணெயில் இறங்காது. ஜாதிக்காயைத் துருவும்போது நான் ஆர்ச்சர்ட் ரோட்டை நினைத்துக்கொள்வேன். ராஃபிள்ஸ் 1819இலேயே ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளை இங்கே அனுப்பினார். 1822இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் தோட்டம் போட்டார்கள். பிறகு இன்றைய கடைத்தெரு முழுவதும் ஜாதிக்காய்த் தோட்டங்களாயின. நோய் தாக்கி 1860களுக்குள் எல்லாம் அழிந்தன. சாலையின் பெயரில் மட்டும் தோட்டம் மிஞ்சியிருக்கிறது.

ஒரே ஒரு மசாலைக்கு எச்சரிக்கை தர வேண்டும், அது பச்சை இஞ்சி. அதில் புரதத்தைத் துண்டாக்கும் நொதி இருக்கிறது. சீன இனிப்புக் கடைகளில் சூடான பாலை இஞ்சிச் சாற்றின் மேல் ஊற்றித் தயிர்போல உறையவைத்துத் தருவார்கள், அந்த உறைதல் இந்த நொதியின் வேலை. கிண்ணத்தில் அது அமுதம். கூழில் அது திரிபு. கிரீமுக்குச் சுக்குதான் சரி. சுக்குப் பொடியும் குலா மலாக்காவும் அருமையான சோடி, ஆனால் பனைவெல்லத்தைப்போலவே இந்தத் தென்னஞ்சீனியும் வெள்ளைச் சீனியைவிட வேகமாகக் காற்றின் ஈரத்தை இழுக்கும். சீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள்.

கூழ் அல்லாத வழிகளும் இருக்கின்றன. யுரேஷியக் குடும்பங்களின் சூஜி கேக்குக்கு மஞ்சள் கரு ஏராளமாகப் போகும், வெள்ளைக் கரு மிஞ்சும். அதைச் சீனியோடு கொதிநீரின் மேல் 71 டிகிரிவரை சூடாக்கி நுரைக்க அடித்தால் இன்னொரு நல்ல பூச்சு கிடைக்கும். தயிரைத் துணியில் கட்டிக் குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு தொங்கவிட்டு, ஏலமும் குங்குமப்பூவும் சேர்த்தால் மராட்டியரின் ஸ்ரீகண்ட். அதில் வெண்ணெயே தேவையில்லை. பக்கவாட்டில் நிற்காது, ஒற்றையடுக்குக் கேக்கின் மேல் தாராளமாகப் பரப்பலாம். கொழுப்பைக் குறைக்க வேண்டியவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

மகளின் ஒன்பதாவது பிறந்தநாளும் அதே கீழ்த்தளத்தில்தான் நடந்தது. ஏலக்காய்க் கூழ் கிரீம். ரோஜா பிழியவில்லை, கரண்டியின் பின்புறத்தால் அலை அலையாக இழுத்துவிட்டேன். கேக்கைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து, டப்பாவின் மூடியைத் திறக்காமலே முக்கால் மணி நேரம் வைத்திருந்தேன். வெளிக்காற்றின் நீர் எல்லாம் டப்பாவின் வெளிப்புறத்தில் முத்து முத்தாகப் படிந்தது. உள்ளே கிரீம் 24 டிகிரியை நெருங்கும்வரை காத்திருந்து மூடியைத் திறந்தேன். ஒரு துளி வியர்வை இல்லை. மாமியார் தம் துண்டை முடித்து, தட்டின் ஓரத்தில் எதையும் ஒதுக்காமல், “இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்று கேட்டார்.

வெண்ணெய் வெண்ணெய்தான். 31 டிகிரியில் இந்தக் கிரீமும் அரை மணி நேரம்தான் அழகாக நிற்கும், அதன்பின் இளகத் தொடங்கும். ஆகவே விருந்தினர் எல்லோரும் வந்து சேர்ந்தபின் மூடியைத் திறங்கள், திறந்ததும் வெட்டிவிடுங்கள்.